வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எதற்காக?

தோட்டத்துக் கோயில் திருவிழாவிலோ, சங்கக் கிளைக் கூட்டம் கலைகிற நேரத்திலோ யாராவது கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க வந்தால், நம் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆண்கள் உதட்டை இறுக மூடிக்கொள்கிறார்கள். தாய்மார்களின் கை தானாகவே முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகிறது. "கொஞ்சம் சிரிங்கக்கா" என்று கேட்டால், "போங்க தம்பி, என் பல்லு இருக்கிற லட்சணத்துக்குச் சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல்" என்று பதில் வருகிறது. நாள் முழுக்கக் காட்டில் வாய்விட்டுப் பேசிச் சிரித்து வேலை செய்கிறவர்கள், வெளி மனிதர் ஒருவர் முன்னால் வந்ததும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். காரணம், பல்லில் படிந்த கறை.

சம்பளம், போனஸ், வீட்டுடைமை என்று பேச வேண்டிய சங்கக்காரர்களுக்குப் பல் கறையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இதிலும் சம்பளம் இருக்கிறது, லீவு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. சில பேருக்கு உயிரும் இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கறை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பல்லின் மேலே ஒட்டுகிற கறை வேறு, பல்லுக்குள்ளேயே ஊறிப்போன கறை வேறு. மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ரப்பர் பால் சட்டையில் பட்டுக் காய்ந்து கறுத்துப் போனால் அது துணியின் மேலே இருக்கிற கறை. சட்டைத் துணி நெய்யும்போதே நூல் பழுப்பாக இருந்தால் அதை எந்தச் சோப்புப் போட்டுத் துவைத்தாலும் போகாது. பல்லும் அப்படித்தான். பல்லின் மேல்தோல் போல இருப்பது எனாமல். நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான், எலும்பைவிடக் கெட்டி. ஆனால் தேய்ந்து போனால் மறுபடி வளராது. அதற்கு அடியில் இருக்கிற பகுதி இயற்கையிலேயே மஞ்சள் நிறம். வயதாக ஆக எனாமல் தேய்ந்து, அடியில் உள்ள மஞ்சள் வெளியே தெரிகிறது. அறுபது வயதுக்காரர் பல் இருபது வயதுக்காரர் பல்லைப் போல வெளுப்பாக இல்லையே என்று கவலைப்படுவது, நரைத்த முடிக்காக அழுவது மாதிரி. அதை விட்டுவிடலாம்.

மேல் கறைக்கு வருவோம். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்ததும் ஒரு தே-ஓ. பெரட்டுக் களத்துக்குப் போகுமுன் இன்னொன்று. காட்டுக்குப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போவது தனி. சாயங்காலம் கடையில் உட்கார்ந்தால் கோப்பி. இப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை நம் பல் சாயத்தில் முங்கி எழுகிறது. தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவாமல் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் பிடித்திருக்கும். அந்தத் துவர்ப்புச் சத்துதான் பல்லிலும் பிடிக்கிறது. பால் சேர்த்த தேநீரில் இந்தக் கறை குறைவு. பாலில் உள்ள புரதம் துவர்ப்பைக் கொஞ்சம் கட்டிப்போட்டுவிடுகிறது. அதற்காகக் கெட்டிப்பாலை நான்கு கரண்டி ஊற்றினால் கறைக்குப் பதிலாகச் சொத்தை வரும். அது இன்னும் மோசம். குடித்து முடித்ததும் ஒரு வாய் பச்சைத் தண்ணீரைக் கொப்பளித்து விழுங்கினால் அல்லது துப்பினால் பாதிக் கறை படியவே படியாது. இதற்குக் காசு செலவில்லை, காட்டிலேயே செய்யலாம்.

சிகரெட், சுருட்டுக் கறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பல்லின் பின்பக்கம் தாரைப் பூசினாற்போல் இருக்கும். அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பெட்டியின் மேலேயே படம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நாம் நின்று பேச வேண்டியது வெத்தலயைப் பற்றி.

வெற்றிலை பாக்கைப் பழித்துப் பேச நமக்கு உரிமை இல்லை. பரிசம் போடுவதிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அது இல்லாமல் நம் வீட்டில் எதுவும் நடப்பதில்லை. மலாய்க்காரர்களும் பெண் கேட்கப் போகும்போது வெற்றிலைத் தட்டைத்தான் முன்னால் கொண்டுபோகிறார்கள். தோட்டத்தில் வெத்தலப் பெட்டிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பாக்கில் உள்ள சத்து ஒன்று உடம்பைச் சூடேற்றிச் சுறுசுறுப்பைக் கொடுக்கிறது, பசியை மறக்கடிக்கிறது. விடியற்காலைப் பனியில் வெறும் வயிற்றோடு முந்நூறு நானூறு மரம் வெட்டப் போன நம் பாட்டிமார்களுக்கு, அரை வயிற்றுக் கஞ்சிக்குப் பதிலாக நின்றது அந்த ஒரு வாய் வெத்தலதான். கூலி போதாத காலத்தில் வந்த பழக்கம் அது. ஆகவே வெத்தலக் கறை பிடித்த பல்லைப் பார்த்து நையாண்டி செய்கிற படித்த பிள்ளைகள், அந்தப் பல் எதை மென்று தங்கள் அப்பனை வளர்த்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். பாக்கிலும் காசுக்கட்டியிலும் உள்ள துவர்ப்பு, சுண்ணாம்போடு சேரும்போது சிவக்கிறது. அந்தச் சிவப்புதான் நாளாக ஆகக் கறுத்துப் பல்லில் ஓடு மாதிரிக் கட்டிக்கொள்கிறது. இந்தக் காசுக்கட்டி எங்கிருந்து வருகிறது தெரியுமா? காம்பியர் என்கிற செடியின் இலையைக் காய்ச்சி எடுப்பதும் அந்த வகைதான். ரப்பர் மரம் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால் ஜொகூரில் சீனர்கள் அதைப் பெரிய அளவில் பயிரிட்டார்கள். எதற்கு? தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் போடவும் கப்பலேற்றினார்கள். மாட்டுத் தோலைப் பதப்படுத்துகிற சரக்கை வாயில் போட்டு அரை மணி நேரம் அடக்கினால் பல் மட்டும் வெள்ளையாக இருக்குமா?

"கறை பிடிச்ச பல்லுதான் கெட்டி, சொத்தையே விழாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெத்தல போடுகிறவர்களுக்குச் சொத்தை குறைவாக இருப்பதாகச் சொல்லும் பல் வைத்தியர்களும் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஓட்டுக்கு அடியில் ஈறு என்ன கதியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கறை தானாக ஈறைத் தின்பதில்லை. கறையோடு சேர்ந்து சுண்ணாம்பு போலக் கட்டுகிற காரைதான் ஈறைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. பல் சொத்தையில்லாமல் முழுசாக இருக்கும், ஆனால் ஆடும். ஐம்பது வயதில் ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிடும். "கெட்டிப் பல்" என்று பெருமை பேசிய எத்தனையோ பெரியவர்கள் கடைசியில் கஞ்சியைத்தான் குடிக்கிறார்கள்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். வெளியே தெரிகிற கறைக்கு நாம் வெட்கப்படுகிறோம். வாய்க்குள்ளே, கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-லேயே அறிவித்தது. "நான் பொகையில போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களுக்கு 2004-இல் பதில் வந்தது. புகையிலை இல்லாத வெற்றிலையும், பாக்கு மட்டுமேகூட, புற்றுநோய்க்குக் காரணம் என்று அதே அமைப்பு வகைப்படுத்திவிட்டது. இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகமாகத் தாக்குவது இந்தியர்களைத்தான், அதிலும் நம் தாய்மார்களை என்பது மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிற உண்மை. சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு 1990-களிலிருந்து தோட்டங்களைத் தேடி வந்து வாயைத் திறந்து பார்க்கும் வேலையைச் செய்வதும் இதனால்தான்.

வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ள முடியும். காலை வெளிச்சத்தில் வாசலில் கண்ணாடியை வைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, கன்னத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுத் துணி போலச் சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு, காரணமில்லாத ரத்தக் கசிவு, இவற்றில் எது இருந்தாலும் நாள் பார்க்காமல் பல் மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து நிறுத்தி முன்பல்லுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை, வாய் முன்போலத் திறக்கவில்லை, கன்னம் உள்ளே கயிறு மாதிரி இறுகியிருக்கிறது, மிளகாய் பட்டால் முன்னைவிட அதிகமாக எரிகிறது என்றால், அது பாக்கு செய்த வேலை. அப்படி இறுகிப்போன வாய் பிறகு பழைய நிலைக்கு முழுசாகத் திரும்புவதில்லை. அங்கேயே நிறுத்தினால் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வலிக்கவே வலிக்காது. வலி வருகிற நேரத்தில் காலம் கடந்திருக்கும்.

அறுபது வருடப் பழக்கத்தை நாளைக்கே விட்டுவிடச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சில காரியங்கள் ஆகும். புகையிலையை முதலில் விடுங்கள். இரவு கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குகிற பழக்கத்தை விடுங்கள், அதைப் போலக் கெடுதல் வேறில்லை. போட்டதைத் துப்பியதும் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். பத்து வாய் போடுகிறவர் ஐந்தாக்குங்கள். இளம் பிள்ளைகள் கையில் கடைப் பாக்குப் பொட்டலத்தைக் கண்டால் மட்டும் தயவு தாட்சணியம் வேண்டாம். இன்று தோட்டங்களில் வேலை செய்கிற வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியத் தோழர்களிடமும் இந்தப் பழக்கம் அவரவர் ஊர் வழக்கப்படி இருக்கிறது. பக்கத்து அறையில் இருப்பவர்தானே, அவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

உள்கறைக்கு வருவோம். இங்கே யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. டெட்ராசைக்ளின் என்று ஒரு மருந்து. 1960-களிலும் 1970-களிலும் காய்ச்சல், இருமல் எதற்கும் தாராளமாகப் புழங்கியது. கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அதைச் சாப்பிட்டால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் அது போய்த் தங்கிவிடும். முளைக்கும்போதே பல் மஞ்சளாக, போகப் போகச் சாம்பல் பூத்தாற்போல், பட்டை பட்டையாகத் தெரியும். அந்தக் காலத்தில் பிறந்தவர்களில் சிலர் "நான் வெத்தலயும் போடல, சிகரெட்டும் குடிக்கல, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இதுதான் பதிலாக இருக்கக்கூடும். இன்றைக்கு அந்த வயதில் அந்த மருந்தைச் சாதாரணமாகக் கொடுப்பதில்லை. ஆனால் மிச்சம் இருக்கிற மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அதை நிறுத்த வேண்டும்.

தண்ணீரிலும் கறை வரும். நம் முன்னோர் பலர் கப்பலேறிய சேலம், தருமபுரி வட்டாரத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அங்கே பல்லில் பழுப்பு வரி விழுவது ஊருக்கே உள்ள வழக்கம். நம் நாட்டில் குழாய்த் தண்ணீரில் பல் சொத்தையைத் தடுப்பதற்காக அதே ஃபுளோரைடை அளந்து சேர்க்கிறார்கள். அளவு கூடினால் பல்லில் புள்ளி விழும் என்பதால், 2005-இல் அதை 0.7-லிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். ஆகவே குழாய்த் தண்ணீரால் கறை வருமோ என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது குழாய்த் தண்ணீரே வராத இடத்தைப் பற்றி. இன்னும் ஆற்று நீர், குளத்து நீர் இறைக்கிற தோட்டங்களில் பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வீடு கொடுக்கிற தோட்ட முதலாளி குழாய்த் தண்ணீரையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம். அது தனிச் சண்டை, இன்னொரு நாள் எழுதுவோம்.

பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் அடிபட்டு, சில மாதம் கழித்து அந்த ஒரு பல் மட்டும் கறுத்துப்போனால் அது கறையல்ல, உள்ளே நரம்பு செத்துவிட்டது. தேய்த்துப் பயனில்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தச்சோகைக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து டானிக்கும் பல்லைக் கறுப்பாக்கும். "பல்லு கறுக்குதுன்னு டானிக்க நிறுத்திட்டேன்" என்று சொல்கிற தாய்மார்களைப் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்! அந்தக் கறை மேலே ஒட்டுவதுதான், கிளினிக்கில் துடைத்தால் போய்விடும். டானிக்கை உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்து, வாயைக் கொப்பளித்தால் போதும். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு வேண்டிய ரத்தத்தைப் பல்லுக்காக விட்டுக்கொடுப்பதா?

இனி, கறையை எடுக்கிறேன் என்று நம்மவர்கள் செய்கிற கொடுமைகள். அடுப்புக்கரி, சாம்பல், உமிக்கரி, உப்பு, இதெல்லாம் போதாதென்று செங்கல்லைப் பொடித்துத் தேய்க்கிறவர்களும் இருந்தார்கள். தேய்த்த அன்றைக்குப் பல் பளிச்சென்றுதான் இருக்கும். செங்கல்லால் தேய்த்தால் அலுமினியச் சட்டியும் பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் சட்டி மெலிந்துகொண்டே வரும். எனாமல் மெலிந்தால் அடியில் உள்ள மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொண்ட கதை. எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பது அதைவிடக் கெடுதல். புளிப்பு எனாமலைக் கரைத்துவிடும், பிறகு பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசும். வேடிக்கை என்னவென்றால், நம் பாட்டி தேய்த்த அதே கரியை இன்று கறுப்புப் பற்பசை என்று அழகான டியூப்பில் அடைத்துப் பேரங்காடியில் விற்கிறார்கள்! பெயர் மாறியதே தவிர உராய்வு மாறவில்லை.

டவுனில் அழகு நிலையத்திலும், கைப்பேசி விளம்பரத்திலும் "பல் வெள்ளையாக்குகிறோம்" என்று கூவுகிறவர்களிடம் நம் இளம் பெண்கள் நூறு, இருநூறு வெள்ளியைக் கொட்டுவதையும் பார்க்கிறோம். பதிவு பெற்ற பல் மருத்துவர் அல்லாதவர் பல் வைத்தியம் செய்வது குற்றம். 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். இவ்வளவு கடுமையாகச் சட்டம் எழுதியிருக்கிறார்கள் என்றால் அதனால் வாய் வெந்தவர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சரியான பல் மருத்துவர் வெளுக்கச் செய்தாலும்கூட முதலில் காரையை எடுத்து, ஈறைப் பார்த்து, சொத்தையை அடைத்த பிறகுதான் செய்வார். மேல் கறை மட்டும் உள்ளவர்களுக்குச் சுத்தம் செய்ததுமே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

அந்தச் சுத்தம் எங்கே கிடைக்கிறது? அரசாங்கப் பல் கிளினிக்கில். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. சிகிச்சையைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் ஆகலாம், தனியார் கிளினிக்கோடு பார்த்தால் அது பணமே அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். நாங்கள் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் வேனில் மடக்கு நாற்காலியோடு வந்து இறங்குகிற பல் மிஸ்ஸியைக் கண்டால் பாதி வகுப்பு கக்கூஸ் பக்கம் ஓடும். அந்த மிஸ்ஸிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1949-இல் பினாங்கில் தொடங்கப்பட்டது. இன்று நாற்பது ஐம்பது வயதில் இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குப் பல் மிஞ்சியிருக்கிறதென்றால் அதற்கு அவர்கள்தான் காரணம். பள்ளியை விட்டதும் நாம் அந்த நாற்காலியை மறந்துவிட்டோம். பிறகு வலி பொறுக்க முடியாமல் பிடுங்கப் போனால்தான் உண்டு.

ஏன் போவதில்லை? சோம்பல் என்று மேனேஜர்மார்கள் சொல்வார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். கிளினிக்கில் எண் எடுப்பது காலையில். நம் வேலையும் காலையில். பால் எடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு, அல்லது குலை வெட்டி ரோட்டில் சேர்த்துவிட்டு, பஸ்ஸோ மோட்டார் சைக்கிளோ பிடித்து டவுனுக்குப் போனால் "இன்றைக்கு எண் முடிந்துவிட்டது" என்கிறார்கள். காலையிலேயே போனால் ஒரு நாள் பேர் போச்சு. ஆக, ஒரு வெள்ளி வைத்தியத்துக்கு 65 வெள்ளியும் பயணச் செலவும் கொடுக்க வேண்டியிருக்கிறது. வலிக்காத பல்லுக்கு எந்தக் குடும்பத்தலைவி அந்தப் பணத்தைக் கொடுப்பாள்?

இந்த இடத்தில்தான் நம் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 60 எஃப் பிரிவு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குட்பட்டவருக்கு 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ லீவு என்பது பெரும்பாலானோருக்குத் தெரியும். அதே பிரிவில் பல் மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் எம்.சி.யும் செல்லும் என்று தனியாக எழுதப்பட்டிருப்பது பல கிராணிகளுக்கே தெரிவதில்லை. நாள் கணக்கு அதே 14, 18, 22-க்குள் அடங்கும். எம்.சி. எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பளமில்லாமல் வராதவராகிவிடுவீர்கள்.

சில காலத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் ஓர் அம்மாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, முகம் வீங்கி, இரண்டு நாள் எம்.சி.யோடு ஆபீசுக்கு வந்தார். "இது பல்லு டாக்டர் சீட்டு, செல்லாது. நம்ம தோட்டத்து டாக்டர்கிட்ட வாங்கிட்டு வாங்க" என்று ஆபீசில் திருப்பிவிட்டார்கள். இரண்டு நாளும் பேரில்லை என்று எழுதிவிட்டார்கள். கிளைத் தலைவர் அந்தப் பிரிவை மொழிபெயர்த்துக் காட்டிய பிறகுதான் அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்ந்தது. அந்த அம்மாள் கேட்டார்: "இத்தன வருசமா எத்தன பேருக்கு இப்படி வெட்டியிருப்பாங்க தம்பி?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. பல்லைச் சுத்தம் செய்யப் போகிறவருக்கு எம்.சி. கிடைக்காது. வேலை செய்ய முடியாத நிலையில் இருப்பவருக்குத்தான் மருத்துவர் எம்.சி. எழுதுவார். மற்றவர்களுக்கு வந்து போன நேரத்தைக் குறித்து ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். அதற்குச் சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே, பிடுங்குகிற அளவுக்குக் கெட்டால் லீவு உண்டு, கெடாமல் காப்பதற்கு லீவு இல்லை என்கிற நிலை. முதலாளிகளுக்கும் இது நட்டம்தான். பல் வலியோடு மரத்தில் நிற்பவன் பட்டையைக் காயப்படுத்துவான், செம்பனைக் குலைக்குக் கீழே நிற்பவனுக்குக் கவனம் சிதறினால் நடப்பது அதைவிடப் பயங்கரம்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. ஆண்டுக்கு ஒரு முறை, பல்லையும் வாயையும் பரிசோதிக்கச் சம்பள வெட்டு இல்லாத அரை நாள். அது முடியாதென்றால், மாவட்டப் பல் மருத்துவ அதிகாரிக்கு நிர்வாகமே ஒரு கடிதம் எழுதி, நடமாடும் குழுவைத் தோட்டத்துக்கு வரவழைக்கட்டும். வேலை முடிகிற நேரத்தில் மண்டபத்தைத் திறந்துவிட்டு, தண்ணீரும் மின்சாரமும் கொடுத்தால் போதும். குழுவினர் வருவார்கள். அழைப்பு இல்லாத இடத்துக்குத்தான் அவர்கள் வருவதில்லை. வெளிநாட்டுத் தோழர்களுக்கு அரசாங்கக் கட்டணம் நமக்குள்ளதைவிட அதிகம். அவர்களை இங்கே கூட்டி வந்தவர்கள் அந்தச் செலவை ஏற்க வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இந்த அரை நாளைச் சேர்க்கச் சொல்லிக் கிளைகள் தீர்மானம் அனுப்பலாம். இரண்டு வரி எழுதினால் போதும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருப்போம். காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, மெதுவான பிரஷும் ஃபுளோரைடு உள்ள பற்பசையும் போதும். விலை உயர்ந்தது வேண்டாம். அழுத்தித் தேய்க்கக் கூடாது. இரவுத் தேய்ப்பைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள், அதுதான் முக்கியம். பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றித் தனியாகக் கழுவி, இரவு தண்ணீரில் போட்டு வையுங்கள். அதிலும் வெத்தலக் கறை பிடிக்கும். கறை எடுக்கிறேன் என்று கொதிக்கும் நீரில் போட்டுவிடாதீர்கள், வளைந்துபோய் மறுநாள் வாயில் ஏறாது.

கிளைச் செயலாளர்கள் 60 எஃப் பிரிவின் அந்த ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துப் பெரட்டுக் களத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள். பல் டாக்டர் சீட்டைத் திருப்பிவிட்டார்கள் என்று யாராவது வந்தால், சீட்டின் பிரதியையும் அந்த மாதச் சம்பளத் துண்டையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.